அயல் வீட்டில் ஒரு மொழிப் பாடம்

இந்த ஆண்டு மட்டும் நம் சங்கத்தில் மூன்று பெற்றோர்கள் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "எங்கள் பெண் ஸ்பானிஷ் படிக்கிறாள். பேச்சுப் பழக்கத்துக்காக இரண்டு மாதம் ஸ்பெயின் போகிறேன் என்கிறாள். அங்கே யாரோ ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டுமாம். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வயசுப் பெண்ணை எப்படி விடுவது? ஹாஸ்டலில் விட்டால் போதாதா?"

இதற்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஹாஸ்டல் வேண்டாம். குடும்பத்தோடுதான் தங்க வேண்டும். ஆனால் அது குடும்பம்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானே இந்தக் கவலையில் தூக்கம் கெட்டவள். முதலில் ஏமாந்தவளும்கூட.

2018-ல் என் மகள் தில்லியில் ஸ்பானிஷ் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு. "பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் இருக்க இது எதற்கு?" என்று உறவினர்கள் கேட்காத நாளில்லை. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் மொழி அது. ஏறக்குறைய 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் தைரியமாக இருந்தோம். அவள் இலக்கணத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஆனால் நிஜமான ஸ்பெயின்காரர் ஒருவர் எதிரே வந்து நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர்தான், "இரண்டு மாதம் அங்கே போய் ஒரு வீட்டில் இருந்துவிட்டு வா" என்றார்.

அவள் போனது சலமான்கா. தலைநகர் மத்ரீதுக்கு வடமேற்கே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் அதன் பல்கலைக்கழகம் 1218-ல் தொடங்கியது. அவள் போன ஆண்டுதான் 800 ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். நெப்ரிஹா என்ற அறிஞர் எழுதிய ஸ்பானிஷ் இலக்கண நூல் 1492-ல் அந்த ஊரில்தான் வெளியாயிற்று. கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே ஆண்டு. அயல்நாட்டாருக்கு ஸ்பானிஷ் கற்பிப்பது அந்த ஊருக்கு ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. வகுப்பு ஓரிடம், தங்குவது யாராவது ஒரு குடும்பத்தோடு என்பதுதான் அங்கே வழக்கம்.

எங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது இங்கே ஒரு ஏஜென்சி. "குடும்பம்" என்றுதான் பணம் வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் ஏற்கெனவே இரண்டு அயல்நாட்டு மாணவிகள். மூவருக்கும் பொதுமொழி இங்கிலீஷ். வீட்டுக்கார அம்மாள் தட்டில் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "ஓலா", "புவேனாஸ் நோசெஸ்" தவிர அந்த வீட்டில் ஸ்பானிஷ் கிடையாது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் அறையை வாடகைக்கு விட்டிருந்தார், அவ்வளவுதான். குடும்பம் என்று சொல்லி விற்றவர்கள் வேறு.

மகள் தினமும் அழுதுகொண்டே வாட்ஸ்ஆப்பில் கூப்பிடுவாள். நானும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் பேசுவேன். நான் தமிழில் பேச, அவள் இந்தி பாதி இங்கிலீஷ் பாதியாகப் பதில் சொல்வாள். எங்கள் வீட்டுப் பேச்சே அப்படித்தான். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும், பேசமாட்டாள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். "திரும்பி வந்துவிடு கண்ணு" என்று நான் சொல்லிவிட்டேன். அவள் அப்பாவும் டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டார்.

அவள் வரவில்லை. பத்தாம் நாள் பள்ளியில் தங்குமிட விவகாரம் பார்க்கும் பெண்மணியிடம் போய், வீட்டை மாற்றித் தரக் கேட்டாள். அந்தப் பெண்மணி ஒரே கேள்விதான் கேட்டாராம்: "வகுப்புக்கு வெளியே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஸ்பானிஷ் பேசுகிறாய்?" இவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள். கடையில் ஐந்து நிமிடம். அம்மாவோடு இரண்டு மணி நேரம். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போயும் அவள் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. குற்றத்தில் பாதி ஏஜென்சியுடையது, மீதி என்னுடையது.

மாற்றிக் கொடுத்த வீட்டில் ஒரு விதவை அம்மாள். எழுபதை நெருங்கும் வயது. மாணவி இவள் ஒருத்திதான். பக்கத்துத் தெருவில் இருந்த மகனும் பேரனும் பகல் சாப்பாட்டுக்கு வருவார்கள். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாது. அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். அன்று மகள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள்: "அம்மா, இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேசுவேன்." எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே ஒரு சண்டை. நம் வழக்கப்படி இவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போயிருக்கிறாள். அந்த அம்மாள் பதறிப்போய், வீட்டுக்குள் போடும் செருப்பு ஒன்றைக் கொண்டுவந்து, போட்டால்தான் ஆயிற்று என்று நின்றாராம். வெறுங்காலோடு நடந்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்பது அங்கே அம்மாக்களின் வேதவாக்கு. மறுநாள் இவள் ஒரு தும்மல் போட்டதும், "பார்த்தாயா, நீ கோன்ஸ்திபாதா!" என்றாராம். அதை இங்கிலீஷில் நினைத்துப் பார்த்து இவள் வெட்கப்பட்டுப் போனாள், மலச்சிக்கலைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று! ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு ஜலதோஷம் பிடித்தவள் என்றுதான் பொருள். அகராதியில் பத்துத் தடவை படித்தாலும் மறந்து போகும். செருப்போடும் தும்மலோடும் வந்தால் ஆயுளுக்கும் மறக்காது.

சாப்பாட்டிலும் ஒரு பாடம். எங்கள் வீட்டில் சைவம், முட்டை மட்டும் அவள் சாப்பிடுவாள். "கார்னே சாப்பிட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். கார்னே என்றால் இறைச்சி. முதல் பகலில் பருப்புக் குழம்பு மாதிரி லென்தேஹாஸ் வந்தது. மணம் நன்றாக இருந்ததாம். கிளறினால் உள்ளே பன்றி இறைச்சித் துண்டு. "இது கார்னே இல்லை, சோரிசோ. ருசிக்காக ஒரு துண்டு" என்றார் அந்த அம்மாள், கொஞ்சமும் கள்ளம் இல்லாமல். அங்கே பலருக்கு அது கணக்கில் வராது. அதனால் சைவக் குழந்தைகளை அனுப்புகிறவர்கள், மாமிசம் வேண்டாம் என்று பொதுவாக எழுதாதீர்கள். கார்னே, மீன், ஹமோன், சோரிசோ என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். அதன் பிறகு அந்த அம்மாள் உருளைக்கிழங்கு முட்டை அடை, தக்காளி கத்தரிக்காய் வதக்கல், குளிர்ந்த தக்காளி ரசம் போன்ற கஸ்பாச்சோ என்று செய்து போட்டார். என் மகள் சாப்பாட்டுக்குத் தவிக்கவில்லை.

ஆனால் உண்மையான பள்ளிக்கூடம் சாப்பிட்டு முடித்த பிறகுதான். அங்கே பகல் சாப்பாடு இரண்டரை மணி வாக்கில். தட்டுகள் காலியானாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. அப்படியே உட்கார்ந்து பேசுவதற்கு அந்த மொழியில் ஒரு பெயரே இருக்கிறது: சோப்ரேமேசா. ஒரு மணி நேரம்கூட ஓடும். அரசியல், பக்கத்து வீட்டுக் கல்யாணம், தக்காளி விலை, பேரனின் கால்பந்து என்று எல்லாம் வரும். இந்தப் பேச்சில்தான் அவள் வாய் திறந்தது.

எப்படித் திறந்தது என்பதைக் கேளுங்கள். "நேற்று நான் சந்தைக்குப் போகிறேன்" என்று இவள் தப்பாகச் சொல்வாள். அந்த அம்மாள், "ஓ, நேற்று சந்தைக்குப் போனாயா? என்ன வாங்கினாய்?" என்பார். தப்பு என்ற சொல்லே வராது. சரியான வடிவம் மட்டும் பதிலுக்குள் இருக்கும். பேச்சும் நிற்காது. அடுத்த வாக்கியத்தில் இவள் "போனேன்" என்று தானே சொல்லிவிடுவாள். யாரும் சிரிக்கவில்லை. எட்டு வயதுப் பேரன் ஒருமுறை சிரித்தபோது, பாட்டி மேசையில் ஒரு தட்டுத் தட்டினாராம். அவ்வளவுதான்.

மரியாதைச் சொல்லிலும் ஒரு வேடிக்கை. ஸ்பானிஷில் "தூ" என்றால் நீ, "உஸ்தேத்" என்றால் நீங்கள். பாட்டி வயதுக்காரரை நீ என்று சொல்ல நம் வீட்டுப் பிள்ளைக்கு வாய் வருமா? "உஸ்தேத்" என்றே பேசியிருக்கிறாள். "என்னைக் கிழவியாக்காதே, தூ என்று சொல்" என்றாராம். ஸ்பெயினில் வீட்டுக்குள் அப்படித்தான். கொலம்பியாவில் பல குடும்பங்களில் சொந்தத் தாயையும் "உஸ்தேத்" என்பார்களாம். இதெல்லாம் இலக்கணப் புத்தகத்தில் இரண்டு வரி. வீட்டில்தான் அது உறவு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன ஒரு செய்திதான் என்னை உட்காரவைத்தது. "அம்மா, ஸ்பானிஷை இங்கிலீஷில் நினைத்தால் கஷ்டம். தமிழில் நினைத்தால் சுலபம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்பதை அவர்கள் "மே குஸ்தா எல் கஃபே" என்கிறார்கள். அங்கேயும் பிடிப்பது காப்பிதான், நான் எனக்கு ஆகிவிடுகிறேன். இங்கிலீஷ்காரப் பிள்ளைகள் நான், நான் என்று ஆரம்பித்து இதில் தடுக்கி விழுகிறார்கள். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பது "மே துவேலே லா கபேஸா". வார்த்தைக்கு வார்த்தை நம்முடையதுதான். "ஆப்லோ" என்றால் பேசுகிறேன், "ஆப்லாஸ்" என்றால் பேசுகிறாய். வினையின் வால் ஆளைச் சொல்லிவிடுவதால், நம்மைப் போலவே நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "பெரோ" என்றால் ஆனால், "பெர்ரோ" என்றால் நாய். இரண்டு ரகரத்தையும் பிரிக்கத் தெரியாவிட்டால் ஆனால் நாய் ஆகிவிடும். ர, ற இரண்டும் எழுத்திலாவது வைத்திருக்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எல்லாருக்கும் பயமூட்டும் பாடம், இருத்தலுக்கு அவர்களிடம் உள்ள இரண்டு வினைகள்: சேர், எஸ்தார். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல். என் மகளோ, "இது ‘நல்லவள்’, ‘நன்றாக இருக்கிறாள்’ அம்மா. நல்லவள் என்பது குணம், அது சேர். நன்றாக இருக்கிறாள் என்பது இப்போதைய நிலை, அது எஸ்தார்" என்றாள். எல்லா இடத்திலும் இந்தக் கணக்குப் பொருந்தாதுதான். ஆனாலும் பாதி வழியைக் கடந்துவிடலாம்.

இவற்றில் சில இந்தியிலும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தோன்றியது தமிழில். பேசாமலே வைத்திருந்த மொழி உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. பதினோரு வருடமாக நான் செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். அவளுக்குப் பத்து வயது. விடுமுறைக்குக் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். தில்லியில் பிறந்த குழந்தை. இந்தியில் பசுமாடு பெண்பால், "ஆயி" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் கொல்லையிலிருந்து ஓடிவந்து, "பாட்டி, மாடு வந்தாள்!" என்று கத்தினாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. அந்த விடுமுறை முடியும்வரை பெரியப்பா பிள்ளைகள் அவளை "மாடு வந்தாள்" என்றே கூப்பிட்டார்கள். நானும் சிரித்தேன். தில்லிக்கு வந்து நம் சங்கத்திலேயே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் தமிழில் வாயைத் திறக்கவில்லை. பாட்டியிடம் டெலிபோனில் "சௌக்கியமா, சாப்பிட்டீங்களா" என்ற இரண்டே சொல்தான். மாமியார் 2014-ல் காலமாகிவிட்டார்.

சலமான்காவிலிருந்து திரும்பி வந்த அன்று இரவு, சாப்பிட்ட தட்டு காய, அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, அன்றைக்குப் பாட்டி சிரிக்கவில்லை. ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது பாட்டி மட்டும், "மாடு வந்துருச்சா? கன்னுக்குட்டியும் வந்துச்சா?" என்று கேட்டாராம். அந்த ஸ்பெயின் அம்மாள் செய்ததை எங்கள் வீட்டுக் கிழவி எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்திருக்கிறார். எங்கள் சிரிப்பில் அது காதில் விழவில்லை.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மொழி படிக்கப் போகும் பிள்ளையைக் குடும்பத்தோடு தங்க அனுப்புங்கள். அனுப்பும் முன் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்த வீட்டில் வேறு மாணவர்கள் உண்டா, அவர்கள் என்ன மொழி பேசுகிறவர்கள்? வீட்டார் கூட உட்கார்ந்து சாப்பிடுவார்களா? சரியில்லை என்றால் எத்தனை நாளில் வீடு மாற்றித் தருவார்கள்? முடிந்தால் ஏஜென்சியை விட்டுப் பள்ளிக்கே நேரில் எழுதுங்கள். 90 நாளுக்கு உட்பட்ட தங்கலுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா போதும், எங்கே தங்குகிறாள் என்பதற்குக் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்திலேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.

"அவர்கள் பணத்துக்குத்தானே வைத்துக்கொள்கிறார்கள்" என்பார்கள் சிலர். ஆமாம், பணத்துக்குத்தான். ஒரு விதவைக்கு அந்த வருமானம் வேண்டியிருக்கிறது, அதில் கேவலம் என்ன? ஆனால் அறைக்கும் சோற்றுக்கும்தான் நாம் பணம் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அயலூர்ப் பெண்ணின் உடைந்த வாக்கியங்களைப் பொறுமையாகக் கேட்பதற்கு விலை ஏது? அதற்குப் பதிலாக நம் பிள்ளையும் வாடகைக்காரி போல நடக்காமல், தட்டைக் கழுவி வைத்து, வெந்நீரை அளந்து செலவழித்து, வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். பெற்றவர்கள் டெலிபோனைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பானிஷுக்காகக் கடல் கடந்து வீடு தேடுகிற நாம், தமிழுக்கு அப்படி ஒரு வீடு தேடியிருக்கிறோமா? விடுமுறையில் ஊருக்குப் போகும்போது நாமும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டு, குழந்தைக்கும் பாட்டிக்கும் நடுவே துபாஷி வேலை பார்க்கிறோம். ஒரு மாதம் குழந்தையை மட்டும் அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ விட்டுவிட்டு வாருங்கள். தினமும் கூப்பிடாதீர்கள். அந்த வீட்டாரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சிரிக்க வேண்டாம், குழந்தைக்குப் புரியவில்லை என்று இங்கிலீஷுக்குத் தாவவும் வேண்டாம்.

என் மகள் இப்போது என்னோடு தமிழில்தான் பேசுகிறாள். பத்து வாக்கியத்தில் நாலு தப்பு. பேச வேண்டிய பாட்டி இல்லை. அந்தக் கணக்கை நான் எங்கே தீர்ப்பது? ஆனால் நம் சங்கத்தில் ஞாயிறு வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்குப் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒன்று நாளைக்கு உங்களிடம் ஓடிவந்து "மாடு வந்தாள்" என்று சொன்னால், தயவுசெய்து கன்றுக்குட்டியும் வந்ததா என்று கேளுங்கள்.